வாத்தியார் செய்த நான்கு பிழைகள்

சிமெண்ட் மூட்டைகளின் மேல் மல்லாக்க விழுந்த ஸ்பிரிங், வாயில் உப்புக் கரித்த ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, நான் கேள்விதான் கேட்டேன். பதில் தெரியலைன்னா வாயால சொல்லலாம். கையால சொல்லணும்னு கட்டாயமில்ல."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. வலது கையில் சாரத்தின் நட்டுகளை முடுக்கும் கனத்த ஸ்பானர். இடது கையை மேசை டிராயரின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, ஸ்பானரைத் தலைக்கு மேலே தூக்கினான்.

நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்த வக்கீலம்மா, திறந்து கிடந்த அந்த டிராயரைக் காலால் ஓங்கி ஓர் உதை உதைத்தாள். டிராயர் மூடிக்கொண்டது. நடுவில் நான்கு விரல்கள் இருந்தன. காய்ந்த சுள்ளி முறிவது போன்ற சத்தம் கேட்டது. ஸ்பானர் தரையில் விழுந்தது. மேஸ்திரி முழங்காலில் விழுந்தான்.

வக்கீலம்மா காலை எடுக்கவில்லை.

"திரும்பவும் கேட்கிறேன். வாத்தியார் எங்கே?"

"எங்களுக்கு எதுக்கும்மா வாத்தியார்?" மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். "அவனே பயந்து ஓடிட்டான். நல்லா தங்கியிருக்கேன், மெதுவா வரேன்னு இங்கிலீஷ்ல பேசி அனுப்பியிருக்கான் இல்ல? அவன் குரல்தானே அது? காலை எடும்மா."

வக்கீலம்மா காலை எடுத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். வாசலில் நின்ற இரண்டு வேலையாட்கள் வழிவிட்டார்கள்.

வக்கீல் தொழிலை விட்டுத் துப்பறிய வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் அவளை விடவில்லை. ஸ்பிரிங் அவளுடைய உதவியாள். சுருட்டை முடியால் வந்த பட்டப்பெயர். விழுந்த வேகத்தில் எழுந்துவிடுவான் என்பதால் நிலைத்துவிட்டது.

"ஓர் உருப்படியான தகவலும் வரலை. என் முதுகுத்தண்டு வளைஞ்சதுதான் மிச்சம்," என்றான் வண்டியை உதைத்துக் கிளப்பியபடி.

"வந்துச்சு. நீ மூட்டை மேல படுத்திருந்ததால கவனிக்கலை. வாத்தியாரோட அந்தக் குரல் செய்தி யாருக்கு வந்தது?"

"அவரோட வகுப்புக் குழுவுக்கு."

"அது கான்ட்ராக்டரோட மேஸ்திரி காதுக்கு எப்படிப் போச்சு?"

ஸ்பிரிங் உதட்டைத் துடைப்பதை நிறுத்தினான். வகுப்புக்குள்ளேயே யாரோ கான்ட்ராக்டரின் ஆள். இரண்டு நாட்களாகக் கையில் அகப்படாத நூல் முனை அது.

விஷயம் இதுதான். பழைய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட கான்ட்ராக்டருக்கு ஆசை. குடியிருந்த கடைக்காரர்களும் அலுவலகக்காரர்களும் காலி செய்ய மறுத்தார்கள். ஒருநாள் மாலை, கதவைத் திறந்துவிட மாட்டேன் என்று நின்ற காவலாளியை வாசலிலேயே வைத்து இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றார்கள். மண்டை ஓடு உள்வாங்கிய நிலையில் அந்த மனிதர் வாசற்படியில் கிடந்ததைப் பார்த்த பிறகு, மற்றவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகக் காலி செய்துவிட்டார்கள். மூன்றாம் மாடியில் பேச்சு ஆங்கில வகுப்பு நடத்தும் வாத்தியார் மட்டும் போகவில்லை. ஜன்னல் வழியாகக் கொலையைப் பார்த்த ஒரே ஆளும் அவர்தான். அடித்தது கான்ட்ராக்டரின் அடியாள் கரடி என்று அடையாளம் காட்டினார். கரடி ஜாமீனில் வெளியே வந்தான். நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி. முந்தாநாள் வகுப்பு முடிந்ததும் வாத்தியாரைக் காணவில்லை.

அன்றே குரல் செய்தி வந்தது. சாட்சி பயந்து ஓடிவிட்டார் என்று இன்ஸ்பெக்டர் கையை விரித்தார். வாத்தியாரின் மனைவி வக்கீலம்மாவிடம் வந்தாள்.

அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது. மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினார்கள். வகுப்பறையில் காலி நாற்காலிகளுக்கு நடுவே வாத்தியாரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். இரண்டு நாட்களாகத் தூங்காத கண்கள். அவளுடைய தம்பி பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றான். வகுப்பில் சேர வருகிறவர்களை வரவேற்பது, நேரம் சொல்வது, ஜன்னல் சாத்துவது எல்லாம் அவன் பொறுப்பு.

"அண்ணே, உதடு கிழிஞ்சிருக்கே," என்றான் தம்பி, ஸ்பிரிங்கைப் பார்த்து.

"ஒருத்தர் அன்பா பேசினார்."

வக்கீலம்மா உட்காரக்கூட இல்லை. "அந்தச் செய்தியை இன்னொரு தடவை போடுங்க."

மனைவி கைப்பேசியை மேசையில் வைத்தாள். வாத்தியாரின் குரல், சளி பிடித்தது போலக் கனத்து, நிறுத்தி நிறுத்தி வந்தது.

"ஹலோ ஸ்டூடண்ட்ஸ். ஐ ஆம் ஸ்டேயிங் ஹைலி. மை ஃப்ரெண்ட்ஸ் ஆர் நியர்லி. தே ட்ரீட் மீ ஹார்ட்லி. ஐ வில் கம் லேட்லி. ஒன்லி மை பிரதர்-இன்-லா நோஸ். ஆஸ்க் ஹிம்."

"எதுக்கு இங்கிலீஷ்ல பேசணும்?" என்றான் ஸ்பிரிங்.

"இந்தக் குழுவுல தமிழே கூடாதுன்னு அவரோட சட்டம்," என்றாள் மனைவி. "தமிழ்ல பேசியிருந்தா எல்லாருக்கும் உடனே சந்தேகம் வந்திருக்கும்."

"சந்தேகப்பட என்ன இருக்கு, அக்கா?" என்றான் தம்பி. "மாமா தெளிவாத்தான் சொல்றார். உயர்வான இடத்துல தங்கியிருக்கார். சிநேகிதங்க பக்கத்துல இருக்காங்க. ஹார்ட்லின்னா மனசார கவனிச்சுக்கிறாங்க. மெதுவா வருவார். அதுவரைக்கும் வகுப்பு விஷயமெல்லாம் என்னைக் கேட்கச் சொல்றார். நான் என்னத்தைச் சொல்ல? எனக்கே ஒண்ணும் தெரியாது."

ஸ்பிரிங்கும் தலையாட்டினான். அவனுக்கும் அப்படித்தான் புரிந்தது. ஹார்ட் என்றால் இதயம் என்று சினிமாப் பாட்டுகள் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தன.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். "அது இதயம் இல்ல. அந்த ஹார்ட் வேற. இன்ஸ்பெக்டர்கிட்டேயும் இதைத்தான் சொன்னேன். அவர் கேட்கவே இல்ல. இது என் புருஷனோட குரல்தான். ஆனா என் புருஷனோட இங்கிலீஷ் இல்ல."

"விளக்கமா சொல்லும்மா," என்றாள் வக்கீலம்மா.

"அவர்கிட்டே படிக்க வந்துதான் அவரைக் கட்டிக்கிட்டேன். வீட்டுல சண்டை வந்தா நான் இங்கிலீஷ்லதான் திட்டுவேன். 'யூ ஷவுட் லவுட்'னு கத்தினா, 'லவுட்லி'ன்னு திருத்திட்டு, அதுக்கப்புறம்தான் பதிலுக்குக் கத்துவார். அட்வெர்ப்னா அவருக்கு உயிர். ஒரு வேலை எப்படி நடக்குது, எங்கே நடக்குது, எப்போ நடக்குதுன்னு சொல்ற வார்த்தை. நாம வினையடைன்னு படிச்சோமே, அது. சில வார்த்தையோட வால்ல 'லி' ஒட்டினா அர்த்தமே மாறிடும்னு போன வாரம் பூரா அதைத்தான் நடத்தினார். ஹார்ட்னா பலமா. ஹார்ட்லின்னா அநேகமா இல்லவே இல்ல. 'ஹீ ஹிட் மீ ஹார்ட்'னா பலமா அடிச்சான். 'ஹீ ஹார்ட்லி ஹிட் மீ'ன்னா அடிச்சதாவே சொல்ல முடியாது. அதைப் போய் அவர் தப்பா சொல்வாரா? அதுவும் ஒரே மூச்சுல நாலு தப்பு?"

வக்கீலம்மா மேசை விளிம்பில் சாய்ந்தாள். அவள் இடது புருவம் லேசாக உயர்ந்தது. ஸ்பிரிங்குக்கு அந்தப் புருவம் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் யாராவது அடி வாங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அது அவனாக இருக்கும்.

"தப்பா ஒட்டின 'லி'யைப் பிய்ச்சு எறிஞ்சா?"

மனைவியின் உதடுகள் அசைந்தன. "ஹை... உயரத்துல. நியர்... பக்கத்துல. ஹார்ட்..." அவள் நிறுத்தினாள். முகம் வெளுத்துவிட்டது. "அடிக்கிறாங்க. ரொம்பப் பலமா அடிக்கிறாங்க."

"லேட்," என்றாள் வக்கீலம்மா. "தாமதமாகிட்டிருக்கு. உயரத்துல, பக்கத்துல. வகுப்பு முடிஞ்சு ஆட்கள் இறங்குற நேரத்துல ஒரு மனுஷனை அடிச்சுப் போட்டு வாசல் வழியா வெளியே கொண்டு போக முடியாது. மேலேதான் தூக்கிட்டுப் போக முடியும். இந்த லிஃப்ட் எப்போ பழுதாச்சு?"

"முந்தாநாள்," என்றாள் மனைவி.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

"மொட்டை மாடிக் கதவு படிக்கட்டுப் பக்கம் பூட்டியிருக்கே," என்றான் தம்பி. "நேத்தே பார்த்தேன். சாவி கீழ காவலாளி அறையில இருக்கும். இதோ எடுத்துட்டு வரேன்." படபடவென்று இறங்கி ஓடினான்.

வக்கீலம்மா சாவிக்குக் காத்திருக்கவில்லை. "நீ இன்ஸ்பெக்டரைக் கூப்பிடும்மா. வரலைன்னா பத்திரிகைக்காரங்களோட நான் வருவேன்னு சொல்லு." சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு உருளையைக் கழற்றிக்கொண்டாள். "ஸ்பிரிங், ஏறு."

நான்காம் மாடியில் கதவுகளே இல்லை. காலி செய்தவர்கள் மின்விசிறிகளையும் கழற்றிப் போயிருந்தார்கள். ஐந்தாம் மாடியில் யாரோ அண்மையில் சாப்பிட்டுவிட்டு எறிந்த பொட்டலங்கள். படியில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்த கறுப்பு. ஸ்பிரிங் குனிந்து பார்த்தான். பிறகு இரண்டிரண்டு படியாக ஏறினான். வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை.

மொட்டை மாடிக் கதவில் பூட்டே இல்லை. மாடிப் பக்கமிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஸ்பிரிங் இரண்டு படி பின்வாங்கித் தோளால் மோதினான். இரண்டாவது மோதலில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

சாயங்கால வெயிலில் கண் கூசியது. எதிரே லிஃப்டின் மோட்டார் அறை, தகரக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. ஸ்பிரிங் கதவைத் தள்ளி ஓர் அடி உள்ளே வைத்தான்.

கதவுக்குப் பின்னாலிருந்து கம்பி வந்தது.

விலாவில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிந்ததை அவன் காதால் கேட்டான். மூச்சு போன இடம் தெரியவில்லை. மடங்கி விழுந்தவனின் தலையைக் குறிவைத்து அடுத்த அடி இறங்கியது. ஸ்பிரிங் உருண்டான். சிமெண்ட் தரை தெறித்தது. கரடிக்கு அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை. கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. மூன்றாவது அடிக்கு அவன் கம்பியைத் தூக்கியபோது ஸ்பிரிங் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தொடையில் பல்லைப் பதித்தான். கரடி அலறிக்கொண்டே அவன் முதுகில் முட்டியால் குத்தினான். ஸ்பிரிங் விடவில்லை. விட்டால் செத்தோம் என்று மட்டும் தெரிந்தது.

வெள்ளைப் பொடி சீறியது. வக்கீலம்மா உருளையின் வாயைக் கரடியின் முகத்தில் வைத்து அழுத்தியிருந்தாள். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு பின்னால் தடுமாறினான். அவள் உருளையை இரண்டு கையாலும் பிடித்து, அதன் அடிப்பாகத்தால் அவன் தாடையில் இடித்தாள். அவன் அப்போதும் நின்றான். அவள் இன்னொரு முறை இடித்தாள். மோட்டாரின் இரும்புச் சட்டத்தில் பின்மண்டை மோத, கரடி சரிந்தான்.

"வக்கீலம்மா," ஸ்பிரிங் தரையில் கிடந்தபடி மூச்சைத் தேடினான். "அந்தப் பொடி எனக்கும் கொஞ்சம் கிடைச்சுது. ரொம்ப நன்றி."

பொடி அடங்கியதும் அறையின் மூலை தெரிந்தது. லிஃப்டின் இரும்புக் கயிறு சுற்றிய சக்கரத்தோடு சேர்த்து வாத்தியாரைக் கட்டியிருந்தார்கள். ஒரு கண் முழுதாக மூடியிருந்தது. தாடை ஒரு பக்கமாகக் கோணிப்போயிருந்தது. சட்டையின் முன்பக்கம் காய்ந்த ரத்தத்தில் அட்டை போல விறைத்திருந்தது. திறந்திருந்த ஒற்றைக் கண் அவர்களைப் பார்த்தது. ஏதோ சொல்ல முயன்றார். குழறலாக எச்சில்தான் வந்தது.

"பேசாதீங்க," என்றாள் வக்கீலம்மா, முடிச்சுகளை அவிழ்த்தபடி. "எங்களுக்குப் புரிஞ்சுது."

அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். உங்களுக்கு முழுதாகப் புரியவில்லை என்று சொல்வது போலிருந்தது.

படியில் காலடிகள் தடதடத்தன. தம்பி மூச்சிரைக்க உள்ளே வந்தான். பின்னாலேயே அக்கா. வாத்தியாரைப் பார்த்ததும் அவள் அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். தம்பியின் முகம் கோணியது.

"எங்க மாமாவையா அடிச்சே?" என்று கத்தியவன், கீழே கிடந்த கம்பியை எடுத்துக் கரடியின் தோளில் போட்டான். நினைவு திரும்பிக்கொண்டிருந்த கரடி முனகினான். தம்பி மறுபடியும் அடித்தான். இந்த முறை காதோரம். ரத்தம் சுவரில் தெறித்தது.

ஸ்பிரிங்குக்கு உள்ளூர ஒரு திருப்தி. உடைந்த விலாவைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒன்று போடட்டும் என்றுதான் நினைத்தான்.

"அவன் கையைப் பிடி, ஸ்பிரிங்," என்றாள் வக்கீலம்மா.

"கோபத்துல அடிக்கிறான், விடுங்க..."

"கோபம் இல்ல. கரடி வாயைத் திறக்கக் கூடாதுன்னு அடிக்கிறான். பிடி."

கம்பி மூன்றாம் முறை, நேராக உச்சந்தலைக்கு இறங்கும்போது ஸ்பிரிங் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். இருவரும் சுவரில் மோதி நின்றார்கள்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றான் தம்பி. "நான் எதுக்கு..."

"பூட்டியிருக்குன்னு சொன்னே. கதவுல பூட்டே இல்ல. சாவி எடுக்கப் போனே, வெறுங்கையோட வந்திருக்கே. நடுவுல இவனுக்கு ஃபோன் பண்ணியிருக்கே. நாங்க வர்றது தெரிஞ்சுதான் கம்பியோட கதவுக்குப் பின்னாடி நின்னான். ஆனா அதுக்கெல்லாம் முன்னாடியே உன் மாமா சொல்லிட்டார். நாங்கதான் கேட்கலை. தப்பான வார்த்தை நாலையும் பொறுக்கினோம். சரியா சொன்ன ஒண்ணை விட்டுட்டோம்."

அவள் மனைவியின் பக்கம் திரும்பினாள். "ஒன்லி மை பிரதர்-இன்-லா நோஸ். இதுல தப்பு உண்டாம்மா?"

அவள் கணவரின் கையைப் பிடித்தபடியே மெல்ல நிமிர்ந்தாள். "இல்ல. நாமதான் ஒன்லியைத் 'தான்'னு கண்ட இடத்துல ஒட்டுவோம். 'கமிங் ஒன்லி', 'ஹியர் ஒன்லி'ன்னு. அவர் அப்படிச் சொல்லவே விடமாட்டார். ஒன்லி யார் தோள்ல கை போட்டிருக்குன்னு பாருங்கன்னு சொல்வார். எந்த வார்த்தைக்கு முன்னாடி நிக்குதோ, அந்த வார்த்தைக்கு மட்டும்தான் அது காவல்." அவள் குரல் தாழ்ந்தது. "இங்கே மை பிரதர்-இன்-லாவுக்கு முன்னாடி நிக்குது. 'என் மச்சினனுக்கு மட்டும்தான் தெரியும்'னு அர்த்தம். எனக்குத் தெரியாது. வேற யாருக்கும் தெரியாது. அவனுக்கு மட்டும்."

"அவனைக் கேளுங்கன்னும் சொன்னார்," என்றாள் வக்கீலம்மா. "வகுப்பு விஷயத்தைக் கேட்கச் சொல்றார்னு நீ நினைச்சுக்கிட்டே, தம்பி. அதனாலதான் அனுப்ப விட்டே."

வாத்தியாரின் ஒற்றைக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இந்த முறை அவர் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார்.

தம்பியின் கை திமிறியது. ஸ்பிரிங்கின் உடைந்த விலாவில் முழங்கையால் இடித்துவிட்டுக் கம்பியோடு பாய்ந்தான். வக்கீலம்மாவை நோக்கி அல்ல, வாத்தியாரை நோக்கி. அக்கா அசையவில்லை. கணவரின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் முதுகைக் கொடுத்தாள். கம்பி அவள் தோளில் விழுந்தது. எலும்பில் பட்ட அந்தச் சத்தத்தில் தம்பியே ஒரு கணம் விறைத்து நின்றான். அந்த ஒரு கணம் ஸ்பிரிங்குக்குப் போதுமாக இருந்தது. தலையால் அவன் முகத்தில் முட்டினான். மூக்கு நசுங்கியது. தம்பி உட்கார்ந்த வாக்கில் விழுந்தான்.

இன்ஸ்பெக்டர் இரண்டு காவலர்களோடு வந்து சேர்ந்தபோது கரடிக்குப் பேச்சு வந்திருந்தது. தன்னைக் கொல்லப் பார்த்தவனைக் காப்பாற்ற அவனுக்கு எந்தக் காரணமும் இல்லை. கேட்பதற்கு முன்பே கொட்டினான். காவலாளியைக் கொன்ற அன்று, பின்னாலிருந்து அவர் கைகளை முறுக்கிப் பிடித்திருந்தது இந்தத் தம்பிதான். புதுக் கட்டடத்தில் முகப்புக் கடை ஒன்று தருவதாகக் கான்ட்ராக்டர் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். வாத்தியார் ஜன்னலில் இருந்து இரண்டு பேரையும் பார்த்தார். மனைவிக்காக ஒருவனை மட்டும் அடையாளம் காட்டினார். முந்தாநாள் வகுப்பு முடிந்ததும், கோர்ட்டில் முழுதும் சொல்லப் போகிறேன், நீயே முன்னால் போய்ச் சரணடைந்துவிடு என்று மச்சினனிடம் சொன்னார். அதுதான் அவர் தாடை உடையும் முன் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சுகளில் ஒன்று.

வாத்தியாரை ஐந்து மாடி தூக்கி இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அவர் மனைவியையும் கூப்பிட்டார்கள். ஒரு கை தொங்கிப்போயிருந்தது. "இதோ வரேன்," என்றவள், மூன்றாம் மாடிப் படியில் விலங்கோடு உட்கார்ந்திருந்த தம்பியின் எதிரே நின்றாள்.

"அக்கா," என்றான் அவன். மூக்கிலிருந்து ரத்தம் வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. "கரடி சொல்றதை யாரும் நம்பமாட்டாங்க. மாமாவால இப்போதைக்குப் பேச முடியாது. இவங்க ரெண்டு பேரும் வெளியாட்கள். நீ மட்டும் ஒண்ணும் பார்க்கலைன்னு சொல்லிடு. உன் காலைப் பிடிக்கிறேன். அம்மா செத்தப்போ என்னை உன் கையிலதானே கொடுத்தாங்க."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்லபடியாக இருந்த கையால் கைக்குட்டையை எடுத்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல அவன் மூக்கையும் வாயையும் துடைத்தாள். தாடையில் வழிந்ததைத் துடைத்தாள். அவன் தேம்பினான். ஸ்பிரிங் சுவரைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அந்த மாலையில் பட்ட அடிகளில் எதுவும் இவ்வளவு வலிக்கவில்லை.

"தலையை அண்ணாந்து வெச்சுக்கோ. ரத்தம் நிக்கும்," என்றாள் தம்பியிடம்.

பிறகு கைக்குட்டையை அவன் விலங்கிட்ட கையில் திணித்துவிட்டு எழுந்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"எழுதிக்கோங்க சார். என் புருஷனைக் கொல்லக் கம்பியை ஓங்கினது என் தம்பி. நான் பார்த்தேன்."

கீழே ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினாள்.